நாளைத் தட்டு

அழுத்திய விரல் யாருடையது என்று மெஷினுக்குத் தெரியாது. அட்டை யாருடையது என்பது மட்டும்தான் தெரியும். அட்டையில் நத்தையின் எண் இருக்கிறது. அப்படியென்றால் அழுத்தியது நத்தைதான். இவ்வளவுதானே? இதை ஒத்துக்கொள்ள எனக்கு ஏன் இத்தனை நேரம் ஆகிறது?

மேலாளர் அறைக்கு வெளியே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவள் இப்படி நினைத்துக்கொண்டிருந்தாள். நினைப்பில் ஒரு கோணல் இல்லை. கோணல் இல்லாததாலேயே அவளுக்கு அதன்மேல் நம்பிக்கை வரவில்லை. குறையே தெரியாத பொருளைத்தான் இன்னொரு முறை திருப்பிப் பார்க்கவேண்டும் என்பது இருபத்தொரு வருடத்தில் கைக்குப் பழகிவிட்டிருந்தது.

தொழிற்சாலையில் அவளைக் கண்ணாடி என்பார்கள். பரிசோதனைப் பிரிவில் மூக்குக்கண்ணாடி போட்ட முதல் ஆள் அவள். பிறகு பாதிப் பேர் போட்டுக்கொண்டார்கள். பெயர் மட்டும் அவளிடமே நின்றுவிட்டது. நத்தை அவளுக்கு அடுத்த இருக்கைக்காரி. அவள் ஒரு வாஷரைப் பார்த்து முடிப்பதற்குள் மற்றவர்கள் ஐந்து பார்த்துவிடுவார்கள். "நத்தை, உன் கல்யாணத்துக்கு நீ போய்ச் சேர்றதுக்குள்ள மாப்பிள்ளை கிழவனாயிட்டார் போல" என்று கேலி செய்தால், "அதான் நான் போகவே இல்லையே" என்று சொல்லிவிட்டு அடுத்த வாஷரை எடுப்பாள். உண்மையிலேயே அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அங்கே தயாரானது சமையல் வாயு சிலிண்டரின் வாயில் உட்காரும் கறுப்பு ரப்பர் வாஷர். நாணயத்தின் அளவுதான். ஒழுங்காக இருக்கும்வரை அப்படி ஒன்று இருப்பதே எந்த வீட்டிலும் யாருக்கும் தெரியாது.

அச்சிலிருந்து வரும்போது வாஷர் கை பொறுக்காத சூட்டில் இருக்கும். அப்போது சிலவற்றின் உள்விளிம்பில் மயிரிழை போல ஒரு கோடு தெரியும். அச்சில் தடவிய எண்ணெயின் தடமாக அது இருக்கலாம். ரப்பர் ஒட்டாமல் விட்ட பிளவாகவும் இருக்கலாம். சூடு ஆறாமல் எந்தக் கண்ணாலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் மேசையில் மூன்று தட்டுகள் வைத்திருந்தார்கள். வலப்பக்கம் நல்லது, இடப்பக்கம் கழிவு, நடுவில் நாளைத் தட்டு. கோடு தெரிந்ததையெல்லாம் நடுத்தட்டில் போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் காலையில் ஒவ்வொன்றாக விரலில் மாட்டி இழுத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. எண்ணெய்த் தடம் என்றால் மறைந்திருக்கும். பிளவு என்றால் வாய் திறக்கும். எந்தப் புத்தகத்திலும் எழுதாத முறை அது, யார் தொடங்கியது என்றும் தெரியாது. வீட்டுச் சண்டையில் வாய்க்கு வந்ததைப் பேசத் தோன்றினாலும் "நாளைத் தட்டுல போடுடி" என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

போன வருடம் சென்சார்கள் வந்தன. ஒவ்வொரு அச்சிலும் சூட்டையும் அழுத்தத்தையும் பார்க்க ஒன்று, பெல்ட்டுக்கு மேலே கேமரா ஒன்று. எல்லாம் தங்களுக்குள் பேசிக்கொள்ளும், குறையைக் கண்டால் அச்சின் சூட்டைத் தாங்களே திருத்திக்கொள்ளும், கழிவு குறையும் என்றார்கள். எந்நேரமும் தலைக்கு மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் பெண்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தார்கள். அதைக் கொண்டுவந்து மாட்டிய இஞ்சினியர், முழுக்கைச் சட்டை மடிப்புக் கலையாமல் வருபவர், மாப்பிள்ளை ஆனார். மாமியாரை மாப்பிள்ளையே கூட்டிவந்த அதிசயம் இங்கேதான் என்று சிரித்தார்கள்.

"அதுக்கு இப்போ ஒண்ணும் தெரியாதுக்கா. பச்சைக் குழந்தை" என்றார் இஞ்சினியர். "நீங்க ரெண்டு பேரும் பதினஞ்சு நாள் சொல்லிக்குடுங்க. ஒவ்வொரு வாஷரா கேமராவுக்குக் கீழ வையுங்க. நல்லதுன்னா பச்சை, கெட்டதுன்னா சிவப்பு. அழுத்தினா போதும்."

"நடுவுல ஒண்ணு வேணுமே, தம்பி" என்று அவள் கேட்டாள்.

"நடுவுலன்னா?"

"நாளைக்குப் பார்க்கிறது."

இஞ்சினியர் அவளை மரியாதையாகத்தான் பார்த்தார். "அதுக்கு நாளைன்னு ஒண்ணு கிடையாதுக்கா. இப்போ, இந்த நிமிஷம், நல்லதா கெட்டதா?"

முதல் பத்து நாட்கள் அவள் வாஷரை எடுத்து வைத்தாள், நத்தை தன் அட்டையைத் தேய்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். கோடு தெரிந்ததற்கெல்லாம் சிவப்புதான். "பாதி நாளைக்குச் சரியாயிடும்டி, வீணாக்குறியே" என்று அவள் சொன்னதற்கு, "தெரியாததை நல்லதுன்னு எப்படிக்கா சொல்றது" என்று மட்டும் பதில் வந்தது. பத்து நாளில் நத்தை அழுத்தியது நாலாயிரம்கூடத் தேறவில்லை. இஞ்சினியர் உதட்டைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தார்.

பதினோராம் நாள் நத்தையின் அக்கா வேறு ஊரில் மாடிப்படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். நத்தைக்கு விடுப்பு மிச்சமில்லை. கேட்டிலும் மெஷினிலும் தேய்க்க எல்லோருக்கும் புது அட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள், கண்ணாடியின் அட்டை இன்னும் வந்திருக்கவில்லை. "என் அட்டையை வச்சுக்கோக்கா. எனக்கு வருகை விழுந்த மாதிரியும் ஆச்சு, உனக்கு வேலை ஓடின மாதிரியும் ஆச்சு." பிரிவில் அது புதிதில்லை. பிரசவம், காய்ச்சல், பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள் என்று ஒருத்தியின் அட்டையை இன்னொருத்தி தேய்ப்பது வழக்கம்தான். யாரும் அதைத் திருட்டாக நினைத்ததில்லை.

அந்த ஐந்து நாட்களும் அவள் தனியாக அழுத்தினாள். பத்து நாள் வேலையையும் சேர்த்து முடித்துக்காட்டும் வேகம் அவளுக்கு வந்திருந்தது. கோடு தெரிந்தபோதெல்லாம் விரல் ஒரு கணம் நிற்கும். பாதி நாளைக்குச் சரியாகிவிடும். கழிவைக் குறைக்கத்தானே இவ்வளவும். பச்சை. ஐந்து நாளில் ஒன்பதாயிரம். இஞ்சினியர் எழுந்து நின்று கைதட்டினார். அந்தக் கைதட்டல் தனக்குப் பிடித்திருந்ததைப் பின்னால் அவள் பலமுறை நினைத்துப்பார்த்தாள். இருபது வருடத்தில் வேலைக்காக அவளுக்கு யாரும் கைதட்டியதில்லை. எது அதிகமோ அதைத்தான் மாமியார் படித்துக்கொண்டது. நத்தையின் நாலாயிரம் அந்த ஒன்பதாயிரத்துக்குள் கரைந்து காணாமல் போயிற்று.

நுழைவாயிலில் நேற்றைய கழிவு எவ்வளவு என்று சிவப்பு எழுத்தில் காட்டும் பலகை ஒன்று உண்டு. நூற்றுக்கு ஒன்பது என்றிருந்தது, இரண்டே மாதத்தில் இரண்டு ஆயிற்று. பலகைக்குக் கீழே எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மேசைகளை அகற்றினார்கள், நாளைத் தட்டுகள் போன இடம் தெரியவில்லை. பெண்கள் பெட்டி கட்டும் பகுதிக்குப் போனார்கள். மாமியார் கழித்ததை இன்னொருமுறை பார்க்க இவர்கள் இருவரை மட்டும் வைத்திருந்தார்கள்.

"மாமியார் எல்லாத்துக்கும் தலையாட்டுறாங்கக்கா" என்று ஒருநாள் நத்தை சொன்னாள். "நல்லதுக்கில்ல."

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில், நத்தை பார்க்காதபோது, மூடி ஒட்டாமல் கிடந்த பெட்டியிலிருந்து ஆறிப்போன வாஷர் ஒன்றை அவள் எடுத்தாள். விரலில் மாட்டி இழுத்தாள். அது வாய் திறந்தது. இன்னொன்று எடுக்க அவளுக்குத் துணிவில்லை. கழிவு குறையவே இல்லை, பெட்டியில் ஏறி வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்று அந்த ஒரு வாஷரே சொல்லிவிட்டது. அதைத் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு மூடினாள். ஒன்றை வைத்து என்ன சொல்ல முடியும், எல்லாவற்றையும் அளக்கிற இத்தனை சென்சார்களைவிட எனக்குத் தெரிந்துவிடுமா என்று மனத்துக்குள் பேசிப் பேசிப் பயத்தை ஆற்றினாள். அது ஏழு மாதத்துக்கு முன்பு.

நேற்று மேலாளர் மேசையில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்தார். உள்ளே பாதி உருகிய வாஷர். எங்கோ ஒரு வீட்டின் சமையலறையில் வாயு கசிந்து தீப்பிடித்திருக்கிறது. ஒரு பெண்ணுக்குக் கை முதல் கழுத்து வரை வெந்துவிட்டது. பக்கத்து அறையில் இருந்த குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவர் இரண்டுமுறை சொன்னார். பிறகு கணினியைத் திருப்பி ஒரு படத்தைக் காட்டினார். சந்தேகமான வாஷர்கள் மட்டும், பதினைந்து நாட்கள், பதினைந்து கோடுகள். முதல் பத்தும் குட்டையாக, சிவப்பாக இருந்தன. கடைசி ஐந்தும் நெட்டையாக, பச்சையாக நின்றன.

"இந்த அஞ்சு நாள் மட்டும் அவங்க கை எப்படி மாறியிருக்கு பாருங்க" என்றார்.

தன் கையெழுத்தை வேறொருத்தியின் பெயருக்கு மேலே பார்ப்பது போலிருந்தது அவளுக்கு.

அவர் ஒரு காகிதத்தை நீட்டினார். அந்த ஐந்து நாட்களில் இன்ன எண்ணுள்ள தொழிலாளி சந்தேகமானவற்றை நல்லது என்று பதிந்ததை அருகிலிருந்து பார்த்தேன் என்று அதில் எழுதியிருந்தது. கீழே அவள் கையெழுத்துக்கு இடம். "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்க. வர்ற மாசத்திலேர்ந்து நீங்கதான் இந்தப் பிரிவுக்குப் பொறுப்பு. வீட்டுக்காரர் ட்ரீட்மென்ட்டுக்கும் தடங்கல் வராது."

கடைசியில் சொன்னதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அவள் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சுத்தம் செய்யவேண்டும். அது தொழிற்சாலை கொடுத்த மருத்துவ அட்டையில் நடக்கிறது. வேலை போனால் அந்த அட்டையும் போகும். அட்டை போனால் எத்தனை நாள் என்று டாக்டரைக் கேட்கவேண்டியதில்லை.

நேற்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அடுப்பைப் பற்றவைக்கும் முன் வழக்கம்போல் குனிந்து சிலிண்டரின் வாயை முகர்ந்தாள்.

"அதுக்கு முத்தம் குடுத்தது போதும், எனக்கு ஒரு வாய் தண்ணி குடு" என்றார் அவர் கட்டிலிலிருந்து. அன்றைக்கு ஆஸ்பத்திரி போய்வந்த நாள். இடக்கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவருக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுக்கவேண்டும். சிறிய டம்ளரில் பாதி ஊற்றிக் கொடுத்தாள். காகிதத்தையும் கொடுத்தாள். அவர் இரண்டுமுறை படித்தார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"அது நான் பண்ணினதுங்க."

"தெரிஞ்சா பண்ணின?"

அழுத்தியபோது தெரியாது. கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு மூடியபோது தெரியும். எந்த நாளைப் பற்றி அவர் கேட்கிறார்?

"அவளுக்குப் புருஷன் இல்ல, பிள்ளை இல்ல. ஒண்டிக்கட்டை. எங்க போனாலும் ஒரு வேலை கிடைக்கும்" என்றார் அவர். சொல்லும்போது அவளைப் பார்க்காமல் டம்ளரின் அடியைப் பார்த்தார். "என்னையும் ஒரு மெஷின்தான் ஓட்டுது. உன்னையும் ஒரு மெஷின்தான் ஓட்டுது. இதுல ரோஷம் எதுக்கு? போட்டுடுவ இல்ல?"

அவர் கெட்டவர் இல்லை. உயிர்மேல் ஆசைப்படுகிறார், அவ்வளவுதான். அந்த ஆசையை அவரிடம் காணவேண்டும் என்றுதான், அவர் மனம் விட்டுக் கிடந்த காலத்தில் அவள் அழுதிருக்கிறாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பஞ்சுக்குக் கீழே இரத்தம் ஓடும் அதிர்வு விரலுக்குத் தெரிந்தது. போடுகிறேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லிவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

இன்று காலை பஸ் நிறுத்தத்தில் நத்தை நின்றிருந்தாள். மூன்று நாளாக அவளை உள்ளே விடவில்லை. வேலைக்குப் போவதுபோலவே தலை வாரி, சாப்பாட்டுப் பையோடு வந்திருந்தாள்.

"பையை ஏன்டி தூக்கிட்டு வந்த?"

"பழக்கம்க்கா. சமைச்சு முடிச்ச பிறகுதான் ஞாபகம் வந்தது. உனக்கு வேணும்னா எடுத்துக்கோ."

நத்தை ஒரு வாஷரைத் திருப்பிப் பார்ப்பதுபோல நிதானமாக அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்த அஞ்சு நாள் நாளைத் தட்டை என்ன பண்ணின?"

"பச்சை."

"எல்லாமா?"

"எல்லாம்."

நத்தை தலையசைத்தாள். கோபம் எதுவும் தெரியவில்லை. கோபமாகத் திட்டியிருந்தால் இவள் தாங்கிக்கொண்டிருப்பாள்.

"நான் உள்ள போய் உண்மையைச் சொல்லிடுறேன்டி. நீ ஊர்லயே இல்லன்னு சொல்லிடுறேன்."

"சொல்லாதக்கா." முதல்முறையாக நத்தை அவசரப்பட்டாள். "ஊர்ல இல்லாதவளுக்கு வருகை எப்படி விழுந்ததுன்னு கேப்பாங்க. ஒருத்தி அட்டையைத் தோண்டினா ஆறு பேர் அட்டையையும் தோண்டுவாங்க. பெட்டி கட்டுறவங்கள்ல பாதிப் பேர் வீட்டுக்குப் போகணும். என்னோட இது முடியட்டும்."

"நீதான் பண்ணினன்னு ஒரு காகிதத்துல என் கையெழுத்துக் கேக்குறாங்க."

"தெரியும். போட்டுடுக்கா. வீட்டுல அண்ணனைப் பாரு."

பஸ் வந்தது. நத்தை ஏறவில்லை. சாப்பாட்டுப் பையை ஜன்னல் வழியாக அவள் மடியில் வைத்தாள். பஸ் நகர்ந்தபோது சிரிக்கக்கூட முயன்றாள். "போற போக்குல ஒரு தடவை திரும்பிப் பாருக்கா. நான் இன்னும் இங்கதான் நின்னுட்டிருப்பேன்." திரும்பிப் பார்க்க இவளால் முடியவில்லை.

"உள்ள வாங்கம்மா" என்று மேலாளர் கூப்பிட்டார்.

அறையில் குளிர் அதிகமாக இருந்தது. பிளாஸ்டிக் பை மேசையின் ஓரத்துக்கு நகர்ந்திருந்தது, அதன்மேல் ஒரு கோப்பு. அவள் காகிதத்தை எடுத்து மடிப்பை நீவி மேசையில் வைத்தாள். அவர் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

"சார், ஒரு விஷயம் கேக்கலாமா?"

"கேளுங்க."

"வெளிய போன வாஷரையெல்லாம் திரும்ப வாங்கிடுவீங்களா?"

"அந்த வாஷர் வந்த ஒரு லாட் மட்டும் வாங்குறோம்."

"மத்தது?"

"மத்ததுல கம்ப்ளெய்ன்ட் இல்லையே."

"மெஷினுக்குத் திரும்பச் சொல்லிக்குடுக்கணும் சார். இப்பவும் அது அப்படித்தான் பார்க்குது. நாளைத் தட்டை வச்சா—"

"போர்டுல நம்பர் ஏறும்மா. மறுபடி ஒன்பதுன்னு காட்டினா மேல என்ன சொல்றது?" அவர் குரலை உயர்த்தவில்லை. அவரும் களைத்திருந்தார், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "தப்பு பண்ணின ஆளை எடுத்தாச்சுன்னு காட்டினா இது இதோட முடியும்."

எந்தக் கூரைக்குக் கீழே எந்த வாஷர் உட்கார்ந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தே ஏழு மாதம். ஒவ்வொரு நாளும் எத்தனை பெட்டி. அவள் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் அதில் ஒன்றுகூடத் திரும்பி வரப்போவதில்லை. நத்தைக்கு வேலை திரும்பக் கிடைக்கப்போவதில்லை. வெந்த கழுத்தின் தோல் பழையபடி ஆகப்போவதில்லை. போடாமல் இருந்தால் கட்டிலில் கிடப்பவருக்கு மட்டும் ஏதோ நடக்கும். கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது விரல் ஏன் நிற்கிறது?

கண்ணாடியைக் கழற்றித் துடைக்கலாம் என்று கூட்டைத் திறந்தாள். உள்ளே அந்த வாஷர் இருந்தது. ஏழு மாதமாகத் தினமும் திறந்து மூடியும் அதைப் பார்க்காமல் இருக்கக் கற்றிருந்தாள். மேலாளரும் அதைப் பார்த்தார். மிகவும் தணிந்த குரலில் பேசினார்.

"யார் விரல்னு நான் கேக்கலம்மா. கேட்டா உங்களுக்குத்தான் கஷ்டம். அட்டை யாரோடதுன்னு மட்டும்தான் இதுல எழுதியிருக்கு."

அப்படியென்றால் இவருக்குத் தெரியும். நேற்றே, அந்தப் படத்தைத் திருப்பிக் காட்டியபோதே தெரிந்திருக்கும். அவளுக்கு நிம்மதி வரவில்லை, பயமும் வரவில்லை. காகிதத்தில் "அருகிலிருந்து பார்த்தேன்" என்ற வரியை மறுபடி படித்தாள். வாழ்நாளெல்லாம் அவள் செய்த வேலை பார்ப்பது ஒன்றுதான். அதில் ஒரு ஐந்து நாட்கள் பார்க்காமல் அழுத்தினாள். பிறகு ஏழு மாதம் பார்த்தும் மூடிவைத்தாள். இப்போது நடக்காததைப் பார்த்தேன் என்று எழுதச் சொல்கிறார்கள். கணவரின் கை அதிர்வு இன்னும் விரலில் இருந்தது. அதற்காக எதையும் செய்யலாம் என்று வரும் வழியெல்லாம் தனக்கே சொல்லிக்கொண்டு வந்தாள். அந்த விரல்தான் நகரமாட்டேன் என்கிறது.

பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மூடினாள். காகிதத்தின் மேல் குறுக்காக வைத்தாள்.

"நான் போடல சார்."

"வேற யாராவது போடுவாங்க. பெட்டி கட்டுறதுல ரெண்டு பேரை வரச் சொல்லியிருக்கேன்."

"சரி சார்."

"உங்க வீட்டுக்காரர்..." என்று தொடங்கி அவர் நிறுத்திக்கொண்டார். அதைச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்திருக்கலாம். காகிதத்தை அவள் பக்கம் மறுபடி நகர்த்தினார். "அவசரப்படாதீங்க. எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு வந்து சொல்லுங்க."

அவள் எழுந்தாள். நத்தையின் சாப்பாட்டுப் பையை நாற்காலிக் காலுக்குப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டாள். காகிதத்தை எடுக்கவில்லை.

"நாளைக்கும் இதேதான் சார்" என்றாள்.